பிரசவம் முடிந்தும் அடங்காத வயிறு

குழந்தைக்கு மொட்டை போட்டுக் காது குத்தியாயிற்று. அம்மாவுக்கு மட்டும் மலச்சிக்கலும் உப்புசமும் விடவில்லை. 'பிள்ளை பெத்த உடம்பு, அப்படித்தான் இருக்கும்' என்று வீட்டில் சொல்வார்கள். அப்படி இருக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை.

கர்ப்பத்தில் சுரக்கும் புரோஜெஸ்டிரான் குடல் தசைகளைத் தளர்த்திவிடுகிறது. அதனால் மலம் மெதுவாக நகர்கிறது. பிரசவமானதும் அந்த ஹார்மோன் சில நாட்களிலேயே இறங்கிவிடும். ஆகவே மாதக்கணக்கில் தொடரும் தொல்லைக்கு வேறு காரணம் தேட வேண்டும்.

ஒரு காரணம் சமையலறையிலேயே இருக்கும். பிரசவத்துக்குப் பிறகு 180 நாட்கள் இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடச் சொல்கிறது அரசுத் திட்டம். அந்த மாத்திரை மலத்தை இறுக்கக்கூடியது. கூடவே பத்தியம்: குழந்தைக்குச் சளி பிடிக்கும் என்று தண்ணீரைக் குறைப்பார்கள், பழத்தை நிறுத்துவார்கள். தாய்ப்பாலாக மட்டுமே தினம் முக்கால் லிட்டர் போகிற உடம்பு அது. பூண்டுக் குழம்போடு எனக்குச் சண்டையில்லை. தண்ணீர்ச் செம்பை ஒளித்து வைப்பதுதான் தப்பு. மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். ஒத்துக்கொள்ளவில்லை என்றால் டாக்டர் வேறு வகை இரும்புச்சத்து எழுதித் தருவார்.

இறுகிய மலம் ஆசனவாயைக் கிழித்தால் வெடிப்பு. போகும்போது கண்ணாடிச் சில்லு அறுப்பதுபோல் வலிக்கும், போன பிறகும் நெடுநேரம் எரியும். அந்தப் பயத்தில் அடக்குவார்கள்; அடக்க அடக்க இன்னும் இறுகும். இதையும் 'மூலம்' என்றே எல்லாரும் சொல்கிறோம். சுவர் விளம்பரம் பார்த்து ஊசி போடப் போகிறவர்களும் உண்டு. மூலத்தில் பெரும்பாலும் வலியில்லாமல் ரத்தம் வரும். வெடிப்பில் வலிதான் முதலில். இசப்கோல், லாக்டுலோஸ் இரண்டும் பால் கொடுக்கும்போது எடுக்கக்கூடியவை. வெந்நீர்த் தொட்டியில் பத்துப் பதினைந்து நிமிடம் உட்கார்ந்தால் தசை இளகும்.

பிரியாணி சாப்பிட்ட இரவில் வலப்பக்க விலா எலும்புக்குக் கீழே பிடித்து, முதுகுக்கோ வலது தோளுக்கோ பரவினால், வாயு என்று ஓமத்தண்ணீர் குடித்தே காலம் தள்ள வேண்டாம். கர்ப்பத்தில் பித்தப்பை சரியாகச் சுருங்காததால் கல் உருவாகியிருக்கலாம். வயிற்று ஸ்கேனில் தெரிந்துவிடும்.

யாரும் வாய் திறக்காதது இன்னொன்று: காற்றை அடக்க முடியாமை, அவசரம் வந்தால் கழிவறை போவதற்குள் உள்ளாடை கறைபடுவது. சுகப்பிரசவத்தில், அதிலும் ஆயுதம் போட்டு எடுத்தாலோ குழந்தை பெரிதாக இருந்தாலோ, ஆசனவாயைச் சுற்றியுள்ள சுருக்குத் தசை கிழியக்கூடும். சில கிழிசல்கள் அன்று கண்ணில் படாமல் போகும். இளம் வயதில் சமாளித்துவிட்டு, மாதவிடாய் நிற்கும் வயதில்தான் சிலருக்குத் தொல்லை தெரியவரும். பஸ் பயணத்தைத் தவிர்ப்பார்கள், கல்யாண வீட்டில் சாப்பிடாமல் எழுந்து வருவார்கள். கணவருக்குக்கூடச் சொல்ல மாட்டார்கள்.

இதற்கு இடுப்புத்தளத் தசைப் பயிற்சி உண்டு. காற்றை அடக்குவதுபோல் உள்ளிழுத்து, முடிந்தால் பத்து விநாடி வரை பிடித்து, விட வேண்டும். இப்படிப் பத்து முறை, நாளுக்கு மூன்று வேளை. பலன் தெரியச் சில மாதங்கள் ஆகும். ஆனால் முக்கியும் மலம் வெளியே வராமல் தவிக்கும் சிலருக்குச் சிக்கல் நேர்மாறானது: தளர வேண்டிய நேரத்தில் தசை இறுகுகிறது. அவர்கள் இதே பயிற்சியைச் செய்தால் தொல்லை கூடலாம். எனவே பிசியோதெரபிஸ்ட் ஒருவர் பார்த்துச் சொல்வதே நல்லது. கிழிந்த தசையைத் தைக்க அறுவை சிகிச்சையும் இருக்கிறது.

மலத்தோடு கலந்து ரத்தம், காரணமில்லாமல் எடை குறைதல், மாத்திரை சாப்பிட்டும் தீராத ரத்தசோகை, கண் மஞ்சளாவது: இவற்றில் ஒன்று இருந்தாலும் டாக்டரிடம் போவதைத் தள்ளிப்போடாதீர்கள். மலச்சிக்கலோடு அசதியும் முடி கொட்டுவதும் சேர்ந்தால் தைராய்டு பரிசோதனையும் கேளுங்கள்.

டாக்டரிடம் போகும்போது பிரசவ டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துச் செல்லுங்கள். ஆயுதம் போட்டார்களா, கிழிசல் எத்தனையாவது நிலை என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். வாய்விட்டுச் சொல்லக் கூச்சமாக இருந்தால் ஒரு துண்டுச் சீட்டில் 'காற்றை அடக்க முடியவில்லை' என்று எழுதி மேஜையில் வைத்தாலும் போதும், டாக்டருக்குப் புரியும்.