ஒட்டிய தோல் கழன்று போகாமல் பிடித்து வைக்கும் பம்பு: ஆறாத புண்ணுக்கு புது வழி

விபத்தில் தோல் உரிந்தவர்கள், தீக்காயம் பட்டவர்கள், சர்க்கரை நோயால் காலில் ஆறாத புண் வந்தவர்களுக்கு டாக்டர்கள் தோல் ஒட்டும் ஆபரேஷன் செய்கிறார்கள். ஆனால் சிலருக்கு ஒட்டிய தோல் பிடிக்காமல் கழன்று விடுகிறது. இதை தடுக்க காயத்தின் மேல் உறிஞ்சும் பம்பு பொருத்துகிறார்கள். ஆஸ்பத்திரிகளில் வி.ஏ.சி. சிகிச்சை என்று சொல்வது இதைத்தான்.

இதுபற்றிய விவரம் வருமாறு:-

செயற்கை தோல்

பெரும்பாலும் நோயாளியின் தொடையில் இருந்தே தோலை மெல்லியதாக சீவி எடுத்து ஒட்டுவார்கள். காயம் ஆழமாக இருந்தால் அது மட்டும் போதாது. அப்போது செயற்கை தோல் கைகொடுக்கிறது.

அமெரிக்காவை சேர்ந்த டாக்டர் ஜான் பர்க், விஞ்ஞானி யானிஸ் யன்னாஸ் உருவாக்கிய செயற்கை தோலுக்கு 1996-ம் ஆண்டு அங்கு அனுமதி கிடைத்தது. மாட்டின் தசைநாரில் இருந்தும், சுறா மீனின் குருத்தெலும்பில் இருந்தும் எடுத்த பொருட்களால் ஆனது இதன் அடிப்பாகம். மேலே மெல்லிய சிலிக்கோன் தாள் இருக்கும்.

இதற்குள் நோயாளியின் ரத்தக்குழாய்கள் வளர 2 முதல் 3 வாரம் ஆகும். பிறகு சிலிக்கோன் தாளை உரித்து விட்டு சொந்த தோலை ஒட்டுவார்கள். பம்பும் சேர்த்து வைத்தால் இந்த நாட்கள் குறைவதாக டாக்டர்கள் தெரிவித்துள்ளனர்.

ஏன் கழன்று போகிறது?

ஒட்டிய தோலுக்கு முதல் சில நாட்கள் ரத்த ஓட்டம் கிடையாது. அடியில் உள்ள சதையில் இருந்துதான் சத்து ஏறணும். நடுவில் ரத்தமோ, நீரோ கோர்த்தால் தோல் மிதக்கும். நோயாளி அசைந்தால் நகரும். கிருமி புகுந்தாலும் போச்சு.

பம்பு செய்யும் வேலை

தோல் மேல் ஒட்டிக்கொள்ளாத வலைத்துணி, அதன் மேல் ஸ்பாஞ்சு, அதற்கு மேல் காற்று புகாத பிளாஸ்டிக் தாள். இதில் குழாய் மாட்டி பம்பை ஓட விடுவார்கள். காற்றை உறிஞ்சியதும் ஸ்பாஞ்சு சுருங்கி, மேடு பள்ளம் எல்லாவற்றிலும் தோலை சமமாக அழுத்தி பிடிக்கும். கசியும் நீர் டப்பாவில் போய் சேரும். சொந்த தோல் என்றால் பெரும்பாலும் 4, 5 நாள் கழித்துத்தான் கட்டை பிரிப்பார்கள்.

அமெரிக்காவின் வேக் பாரஸ்ட் பல்கலைக்கழகத்தை சேர்ந்த அர்ஜென்டா, மோரிக்வாஸ் இருவரும் இந்த முறை பற்றிய ஆய்வை 1997-ல் வெளியிட்டனர்.

உஷாரா இருக்கணும்

பம்பு வைத்து விட்டால் புண் தானாக ஆறிவிடும் என்று நினைக்கக்கூடாது. அழுகிய சதையை டாக்டர் முதலில் அகற்றணும். காலுக்கு ரத்த ஓட்டம் இருக்கணும். சர்க்கரை கட்டுக்குள் வரணும். புற்றுநோய் புண் மீதும், வெளியே தெரியும் ரத்தக்குழாய் மீதும் இதை வைக்கக்கூடாது.

2007-க்கு பிறகு 12 பேர் இந்த சிகிச்சையின்போது இறந்ததாக தகவல் வந்துள்ளது என 2011-ல் அமெரிக்க மருந்து கட்டுப்பாட்டு துறை எச்சரித்தது. பெரும்பாலும் ரத்தப்போக்குதான் காரணம்.

எனவே ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிடணும். குழாயில் திடீரென சிவப்பாக ரத்தம் வந்தால், பம்பை நிறுத்தி விட்டு உடனே டாக்டரை கூப்பிடணும்.

கரண்ட் போய் பம்பு நின்றாலும் நர்சிடம் சொல்லணும். 2 மணி நேரத்துக்கு மேல் நின்றால் கட்டுக்குள் நீர் தேங்கி, கிருமி பெருகி, ஒட்டிய தோலே வீணாகி விடும்.