கிரிவலத் தகவல் எந்தப் பக்கத்தில் இருக்கு? இணையதளத்தை வகை பிரிப்பது எப்படி?

பௌர்ணமி அன்று மாலை. திருவண்ணாமலை போகும் பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும் ஒருவர் செல்போனை எடுக்கிறார். அவருக்குத் தேவை நாலே விஷயம்தான். பௌர்ணமி திதி எத்தனை மணிக்குத் தொடங்குது? பஸ் எங்கே கொண்டுபோய் இறக்கிவிடும்? 14 கிலோமீட்டர் பாதையில் கழிப்பறையும் மருத்துவ உதவியும் எங்கே இருக்கு? திரும்பிப் போக ரயில் உண்டா?

நாலுக்கும் பதில் இணையத்தில் இருக்கலாம். ஆனால் ஒரே இடத்தில் கிடைப்பது அபூர்வம். காரணம், தகவல் இல்லாதது அல்ல. அதைப் பிரித்து வைத்திருக்கும் விதம்.

துறைப்படி பிரித்தால் என்ன சிக்கல்?

கோயில் நிர்வாகம் இந்து சமய அறநிலையத் துறையிடம். சிறப்புப் பேருந்து போக்குவரத்துக் கழகங்களிடம். ரயில் தெற்கு ரயில்வேயிடம். போக்குவரத்து மாற்றம் மாவட்ட நிர்வாகத்திடமும் காவல் துறையிடமும். மருத்துவ முகாம் சுகாதாரத் துறையிடம். அலுவலகம் எப்படிப் பிரிந்திருக்கிறதோ, அப்படியே இணையதளமும் பிரிந்துவிடுகிறது.

அலுவலகத்துக்கு இது அஞ்சு வேலை. பக்தருக்கோ இது ஒரே பயணம். "கழிப்பறை எந்தத் துறை?" என்று அவர் யோசிக்கணும்னா, அந்தப் பிரிப்பு தோத்துப்போச்சுன்னு அர்த்தம்.

பிரிட்டன் அரசு இதே சிக்கலைச் சந்தித்தது. 2012-ல் அது தொடங்கிய 'கவ் டாட் யூகே' தளத்தில் துறைப் பெயர்களைப் பின்னால் தள்ளி, மக்களுக்கு ஆக வேண்டிய வேலைகளை முன்னால் வைத்தார்கள். ஓட்டுநர் உரிமம் வேண்டியவர் அதை எந்தத் துறை தருகிறது என்று தெரிந்துவைத்திருக்க வேண்டியதில்லை.

பக்கம், பதிவு, வகை, குறிச்சொல்: என்ன வித்தியாசம்?

வேர்ட்பிரஸ் போன்ற மென்பொருளில் இந்த நாலு சொல்லும் வரும். பலர் குழப்பிக்கொள்வது இங்கேதான்.

பக்கம்: அடிக்கடி மாறாத தகவல். கிரிவலப் பாதை, எட்டு லிங்கங்கள் இருக்கும் இடம், கோயிலுக்கு வரும் வழி.

பதிவு: தேதி உள்ள தகவல். இந்த மாத பௌர்ணமி நேரம், இந்த ஆண்டு தீபத் திருவிழா ஏற்பாடு.

வகை: புத்தகத்தின் அத்தியாயம் மாதிரி. 'வழிபாடு', 'போக்குவரத்து', 'தங்குமிடம்' எனக் கொஞ்சமாக இருந்தால் போதும்.

குறிச்சொல்: புத்தகத்தின் கடைசியில் வரும் சொல்லடைவு மாதிரி. 'வேலூர்', 'முதியோர்', 'சித்ரா பௌர்ணமி' என்று எத்தனை வேணும்னாலும் இருக்கலாம்.

இதில் தப்பு நடந்தால் நேரடிப் பாதிப்பு உண்டு. பௌர்ணமி திதி பெரும்பாலும் ஒரு நாள் தொடங்கி மறுநாள்தான் முடியும். எந்த இரவு நடப்பது என்பதே பலருக்குக் குழப்பம். ஒவ்வொரு மாதமும் 'கிரிவலம் செல்ல உகந்த நேரம்' என்று ஒரே தலைப்பில் புதுப் பதிவு போட்டுக்கொண்டே போனால், தேடுபவர் கையில் போன வருஷத்துப் பதிவு சிக்கலாம். அதை நம்பிக் கிளம்புகிறவர் ஒரு நாள் தள்ளி வந்து நிற்பார். இதைத் தவிர்க்க வழி எளிது: நேரத்துக்கு ஒரே ஒரு நிரந்தரப் பக்கம், ஒரே முகவரி. மாதம்தோறும் அதையே திருத்தணும். மேலேயே தேதியும் வருஷமும் பெரிதாக இருக்கணும்.

ஒரே தகவல் ரெண்டு வகைக்குள் வந்தால்?

'சித்ரா பௌர்ணமிக்கு வேலூரிலிருந்து சிறப்புப் பேருந்து'. இது விழாவா, போக்குவரத்தா? இந்தக் கேள்விக்கு விடை தேடியவர் நம் சீர்காழிக்காரர். 1892-ல் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன், கணித ஆசிரியராக இருந்து 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனவர்.

அப்போது பிரபலமாக இருந்தது அமெரிக்காவின் மெல்வில் டூயி 1876-ல் வெளியிட்ட முறை. அதில் ஒவ்வொரு பாடத்துக்கும் முன்கூட்டியே வகுத்த எண் இருக்கும். ரங்கநாதன் லண்டனில் படித்தபோது ஒரு கடையில் 'மெக்கானோ' விளையாட்டுச் சாமானைப் பார்த்தார். அதே துண்டுகளை மாற்றி மாற்றிப் பூட்டி வேறு வேறு பொம்மை செய்யலாம். புத்தகத்தையும் இப்படியே பல கோணங்களாகப் பிரித்துச் சேர்த்தால் என்ன என்ற யோசனை வளர்ந்து, 1933-ல் 'கோலன் பகுப்பு முறை' ஆனது.

நம்ம உதாரணத்தில், எது என்றால் பேருந்து, எங்கிருந்து என்றால் வேலூர், எப்போது என்றால் சித்ரா பௌர்ணமி. மூணு கோணத்தில் எதில் தேடினாலும் அதே அறிவிப்பு கிடைக்கும். இன்று ஷாப்பிங் தளத்தில் விலை, நிறம், அளவு என்று வடிகட்டித் தேடுகிறோமே, அதுவும் இதே சிந்தனைதான்.

எல்லாரும் முகப்புப் பக்கம் வழியாகவா வருகிறார்கள்?

இல்லை. அண்ணாமலையார் கோயிலுக்குக் கிழக்கே 217 அடி ராஜகோபுரம் இருக்கு. ஆனால் தெற்கே திருமஞ்சன கோபுரம், மேற்கே பேய் கோபுரம், வடக்கே அம்மணி அம்மன் கோபுரமும் இருக்கு. இணையதளத்துக்கும் அப்படித்தான். தேடல் வழியாக வருகிறவர் நேரே உள்பக்கத்தில் வந்து நிற்பார். அதனால் ஒவ்வொரு பக்கத்திலும் 'முகப்பு – போக்குவரத்து – சிறப்புப் பேருந்து' என்று, இருக்கும் இடத்தைக் காட்டும் வரி தேவை.

"அதான் கூகுள் இருக்கே, வகை எதுக்கு?" என்று கேட்கலாம். என்ன தேடணும்னு தெரிந்தவருக்குத் தேடல் போதும். மருத்துவ முகாம் இருப்பதே தெரியாதவர் அதை எப்படித் தேடுவார்? பட்டியலில் கண்ணில் பட்டால்தான் உண்டு.

எப்படித் தொடங்குவது?

இதற்கு கம்ப்யூட்டரே வேண்டாம். தளத்தில் வரவேண்டிய தகவல் ஒவ்வொன்றையும் ஒரு சின்ன அட்டையில் எழுதுங்கள். 40 அட்டை வரை போதும். அலுவலகத்துக்குச் சம்பந்தமில்லாத சிலரிடம் தனித்தனியாகக் கொடுத்து, சேர வேண்டியதைச் சேர்த்து வைக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு குவியலுக்கும் அவர்களே பேர் வைக்கட்டும். பலரும் வைத்த பேர்தான் உங்கள் வகை. யாருமே எங்கே வைப்பதென்று தெரியாமல் தனியாக விட்ட அட்டை இருந்தால், அந்தத் தகவலின் தலைப்பை மாற்றணும்.

அட்டையைக் கொடுக்கும்போது, முதல் முறை கிரிவலம் வரும் ஒருவரையும், கண்ணாடி போட்டுப் படிக்கும் ஒரு பெரியவரையும் கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள். ராத்திரி பஸ்ஸை விட்டு இறங்கி, வழி தெரியாமல் போனைத் தடவப்போவது அவர்கள்தான்.