படத்துக்கு உரியார் இருவர்

மாவலி கங்கையின் கிளையொன்று வெருகல் ஆறு என்னும் பெயர் பூண்டு கடலோடு கலக்கும் பகுதியில், சித்திர வேலாயுத சுவாமி கோயிலாற் சிறப்புற்று விளங்குவது வெருகலம்பதி. திருகோணமலை மாவட்டத்தின் தென்னெல்லையாகிய இவ்வூர்ப் பக்கத்து மாணவர் சிலர், தம் தமிழ் மன்ற ஆண்டு மலரை அச்சகத்துக்கு அனுப்புமுன் என்னிடம் காட்ட வந்தனர். கட்டுரைகளில் ஒற்றுப்பிழை, சந்திப்பிழைகளைத் திருத்தினேன். பின்னர், பக்கந்தோறும் நிறைந்திருந்த படங்களைச் சுட்டி, “இவை யாருடையவை?” என்று வினவினேன்.

“இணையத்திற் கிடந்தன, ஐயா, எடுத்துக்கொண்டோம்” என்றான் மலராசிரியனாகிய மாணவன்.

தெருவிற் கிடந்த மோதிரத்தை எடுத்தவன் அதற்கு உரியவன் ஆவதில்லை என்பதை அம்மாணவனும் அறிவான். படத்துக்கும் உரியவர் உண்டு என்பதை மட்டும் அவனுக்கு எவரும் சொல்லவில்லை. சொல்லவேண்டியவர் ஆசிரியராகிய நாமே.

படைத்தவன் பெயரைப் பேணுதல் தமிழர்க்குப் புதியதன்று. சிறப்புப் பாயிரம் கூறவேண்டிய எட்டுச் செய்திகளுள் ஆக்கியோன் பெயரையே முதலில் வைத்தது நன்னூல். குறுந்தொகையைத் தொகுத்தோர் செய்த செயல் அதனினும் வியக்கத்தக்கது. பாடல் கையிலிருக்கிறது, பாடியவர் பெயர் தெரியவில்லை. அவ்விடத்தை அவர்கள் வெறிதே விட்டுவிடவில்லை. பாட்டில் அமைந்த அரிய தொடரையே புலவருக்குப் பெயராகச் சூட்டினர். செம்புலப்பெயல்நீரார், அணிலாடு முன்றிலார் என இன்று நாம் போற்றும் பெயர்கள் அவ்வாறு வந்தவையே. பெயர் அறியப்படாதவர்க்கும் பெயரிட்டு நன்றி செலுத்திய மரபில் வந்த நாம், பெயர் அறியத்தக்கவர்க்கும் அதனை மறுத்தல் தகுமா?

நம் மலர்களில் தவறாது இடம்பெறும் திருவள்ளுவர் படத்தையே எடுத்துக்கொள்வோம். வள்ளுவர் திருவுருவம் இன்னதென்று காட்டும் பழஞ்சான்று நமக்கில்லை. தாடியும் சடைமுடியும் கொண்டு, ஏடும் எழுத்தாணியும் ஏந்தி அமர்ந்திருக்கும் கோலம், கே. ஆர். வேணுகோபால் சர்மா என்னும் ஓவியர் தம் உள்ளத்திற் கண்டு தீட்டியது. 1964ஆம் ஆண்டில் சென்னைச் சட்டமன்றத்தில் அதனைத் திறந்து வைத்தவர், அந்நாளில் இந்தியத் துணைக் குடியரசுத் தலைவராயிருந்த சாகிர் உசேன். இன்று அப்படத்தை அறியாத தமிழ்ப் பிள்ளை இல்லை. அவ்வோவியர் பெயரை அறிந்த பிள்ளைகளோ மிகச் சிலரே. 2019ஆம் ஆண்டில் வள்ளுவர் படத்தின் உடைநிறத்தை மாற்றி வெளியிட்டபோது தமிழ்நாட்டிற் பெருஞ் சர்ச்சை எழுந்தது. வள்ளுவருக்கு எது தகும் என்று பலரும் வாதிட்டனர். வரைந்தவருக்கும் அதில் ஒரு சொல் உண்டு என்பதை நினைந்தவர் எத்துணைப் பேர்?

நம் நாட்டுச் சட்டம் அதனை நினைந்துள்ளது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், படைத்தவருக்கு இருவகை உரிமை வகுக்கிறது. ஒன்று, படைப்பினால் வரும் பொருளைப் பற்றியது. மற்றையது, தம் பெயர் குறிக்கப்பெறவும், தம் மதிப்புக்குக் கேடாகப் படைப்பைச் சிதைப்பதைத் தடுக்கவும் உள்ள உரிமை. பொருளுரிமையைப் பிறருக்கு விற்றுவிட்டாலும் பின்னையது படைத்தவரை விட்டு நீங்குவதில்லை. இவ்விரண்டும் அவர் வாழ்நாளிலும், மறைவின் பின் 70 ஆண்டும் நிலைபெறும்.

நம் கோணமலையிலிருந்தே இதற்கு எடுத்துக்காட்டுத் தரலாம். 1956ஆம் ஆண்டில் ஆதர் சி. கிளாக்கும் மைக் வில்சனும் சுவாமி மலையடியிற் கடலுள் மூழ்கி, பழைய கோணேசர் கோயிலின் சிதைவுகளைக் கண்டனர். அந்நாளில் வில்சன் கடலடியில் எடுத்த படங்கள் நம் மாணவர் கண்ணுக்கு மிகப் பழையனவாகவே தோன்றும். வில்சன் மறைந்தது 1995ஆம் ஆண்டில். எழுபதைக் கூட்டின் 2065 வருகிறது. பழையது என்பதனாலேயே ஒரு படம் பொதுவுடைமை ஆகிவிடாது என்பதற்கு இக்கணக்கே போதும்.

‘பாரதியார் பாடல்கள் நாட்டுடைமை அல்லவா?’ என்று கேட்பாருளர். உண்மையே. 1949இல் சென்னை அரசு அவ்வுரிமையை ஏற்றுப் பின்னர் அதனைப் பொதுமக்களுக்கு ஆக்கியது. ஆயினும் பொதுவாகியது பாரதியாரின் எழுத்து. அப்பாட்டுக்கு இன்று ஓர் ஓவியர் வரையும் படம் அவ்வோவியருடையதே.

இதனாற் கல்விக்கு இடையூறு விளையுமோ என்று அஞ்சவேண்டா. கற்பித்தல், ஆராய்ச்சி, திறனாய்வு முதலியவற்றுக்காக நியாயமான அளவிற் பயன்படுத்துதலை அச்சட்டம் ஏற்கிறது. எந்நோக்கத்துக்கு எடுத்தோம், எத்தகைய படைப்பு, எவ்வளவு எடுத்தோம், அதனால் உரியவர் வருவாய்க்கு என்ன கேடு என்னும் நான்கும் அங்கே நோக்கப்படும். வள்ளுவர் ஓவியத்தை ஆராயும் கட்டுரையில் அவ்வோவியத்தைக் காட்டுதல் வேறு. விளம்பரம் பெற்று விலைக்கு விற்கும் மலரின் அட்டையை அழகுசெய்ய அதனை எடுத்தல் வேறு.

இதுகாறும் கூறியது படத்தை ஆக்கியவரைப் பற்றியது. ஒளிப்படத்துக்கு உரியவர் மற்றொருவரும் உளர். அவர் படத்தினுள் இருப்பவர். அவரை யான் அறிந்துகொண்டது என் பிழையினாலேயே.

2004ஆம் ஆண்டு மார்கழி 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை இக்கரையையும் விட்டுவைக்கவில்லை. அடுத்த ஆண்டில், யான் பொறுப்பாசிரியனாயிருந்த ஒரு பாடசாலை மலரின் அட்டைக்குப் பத்திரிகையிலிருந்து ஒரு படத்தை வெட்டிக் கொடுத்தேன். கரையில் அமர்ந்து தலையிலடித்துக் கதறும் ஒரு தாயின் படம் அது. எடுத்தவர் பெயரையும் இட்டேன் அல்லேன். மலர் வெளியான அன்று, எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி அதனைக் கையில் வாங்கினாள், நெடுநேரம் பார்த்தாள். “ஐயா, இது எங்கட சின்னம்மா” என்றாள். பின் மலரைக் கவிழ்த்து மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

மறுநாள் அவ்வம்மையார் வீட்டுக்குச் சென்றேன். அவர் என்னைக் கடிந்தாரல்லர். “கேட்டிருந்தா, என்ர பிள்ளை சிரிச்சபடி நிக்கிற படமொண்டு அக்கா வீட்டில இருக்கு. அதைத் தந்திருப்பன், ஐயா” என்றார். அவ்வளவே.

அந்தச் சொல்லுக்கு என்னிடம் இன்றும் மறுமொழி இல்லை. அவர் துயரை உலகறியச் செய்கிறோம் என்று எண்ணியிருந்தேன். தம் பிள்ளையை உலகம் எவ்வாறு அறியவேண்டும் என்பதில் அவருக்கும் ஒரு விருப்பம் இருக்கும் என்பதை எண்ணினேன் அல்லேன். அப்படத்தை எடுத்தவரிடம் யான் இசைவு பெற்றிருந்தாற்கூட, அவ்வம்மையாருக்குச் செய்த தீங்கு தீங்கேயாம். பதிப்புரிமைச் சட்டம் எடுத்தவரைக் காக்கும். எடுக்கப்பட்டவரைக் காக்கவேண்டியது நம் அறவுணர்வு.

போரினாலும் இடப்பெயர்வினாலும் அலைந்த மக்கள் வாழும் பகுதி இது. கடலோர வேடர் குடிகளும் இங்கு உள்ளன. வந்தவரெல்லாம் இம்மக்களைப் படமெடுத்துச் சென்றனர். அயலார் செய்ததை நம் பிள்ளைகளும் தம் அயல் வீட்டாருக்குச் செய்தலாகாது. முன்னாளில் முந்நூறு பிரதி அச்சிட்டால் மலர் ஊரளவில் நின்றது. இன்று காலையிற் கணினியில் ஏற்றிய மலர் மாலைக்குள் கடல்கடந்து செல்கிறது. 2005ஆம் ஆண்டிற் தொடங்கிய நூலகம் என்னும் இணையத் தொகுப்பில் ஈழத்துப் பழைய மலர்கள் பலவும் பேணப்படுகின்றன. ஆதலின் இன்று நாம் இடும் பெயர் நாளைய ஆராய்ச்சியாளனுக்குச் சான்று. இன்று நாம் செய்யும் பிழையும் அவ்வாறே நிலைத்துவிடும்.

மலர் வெளியிடும் மாணவர்க்கு யான் சொல்வது சிறிதே. இயன்றவரை நீங்களே வரையுங்கள், நீங்களே படமெடுங்கள். பிறர் படமாயின் இசைவு கேட்டு, படத்தின் கீழேயே பெயரிடுங்கள். பொதுப் பயனுக்கென உரிமம் தந்து இணையத்தில் வைத்த படங்களும் உள; அவற்றுக்கும் உரிமம் கூறும் விதிப்படி பெயர் இடுங்கள். படத்திலுள்ளவர் முகம் தெரியின் அவரையும், சிறுவராயின் பெற்றோரையும் கேளுங்கள். அவர்கள் மறுத்தால் அம்மறுப்பை மதியுங்கள். ஆசிரியரும் இவ்விசைவுகளை ஓர் ஏட்டிற் பதிந்து வைத்தல் நன்று.

என்னிடம் வந்த மாணவர் மலரைத் திருப்பி எடுத்துச் சென்றனர். இரண்டு கிழமை கழித்துக் கொணர்ந்தபோது படங்கள் பாதியாகக் குறைந்திருந்தன. அட்டையில் வெருகல் ஆறு. பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி நீர்வண்ணத்தில் தீட்டியது. கோடுகள் சற்றே கோணியிருந்தன. மூலையில் அவள் பெயர் தெளிவாக இருந்தது. முகப்பை அச்சுக்குக் கொடுக்கலாம் என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.