துண்டுக்குள்ள பேசும் விரல்கள்: கறவை மாட்டுச் சந்தையில் விலை எப்படி முடிவாகுது? வாங்குறவங்க எங்கே ஏமாறுறாங்க?

ஈரோடு கருங்கல்பாளையம் மாட்டுச் சந்தை வாரா வாரம் வியாழக்கிழமை களைகட்டும். கேரளா, கர்நாடகா, ஆந்திரா, தெலங்கானா, மகாராஷ்டிரா வரை இருந்து வியாபாரிகள் வருவாங்க. சிந்து, ஜெர்சி, நாட்டு மாடு, எருமை, கன்னுக்குட்டி என வரிசையாகக் கட்டியிருக்கும். இவ்வளவு பெரிய சந்தையில் ஒரு விஷயம் மட்டும் காதில் விழாது. அதுதான் விலை!

வெளிநாடுகளில் மாட்டு ஏலம் என்றால் மைக்கில் ஒருவர் மூச்சு விடாமல் கத்துவார், சுற்றி இருப்பவர்கள் கை தூக்குவார்கள். நம்ம ஊர்ச் சந்தையில் மாட்டுக்கு ஏலம் கிடையாது. பல ஊர்களில் ஏலம் போவது சந்தைதான். அதாவது, சந்தைக்கு வரும் மாடுகளுக்குச் சுங்கம் வசூலிக்கும் உரிமையை உள்ளாட்சி அமைப்பு ஏலத்தில் குத்தகைக்கு விடும். மாட்டின் விலையோ ஒரு துண்டுக்கு அடியில் முடிந்துவிடும்.

அது எப்படி நடக்குது? ஒரு மாட்டை நம்பித்தான் ஒரு குடும்பமே இருக்கும்போது, இந்த முறையில் யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம்? விரிவாகப் பார்க்கலாம்.

துண்டு போட்டு விலை பேசுவது எப்படி?

விற்பவரும் வாங்குபவரும், அல்லது அவர்களுக்காக தரகரும், கை கோத்துக்கொள்வார்கள். மேலே ஒரு துண்டு விழும். அதற்குள் விரல்கள்தான் பேசும். ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, ஐந்தையும் பிடித்தால் ஐந்து. அது ஆயிரமா, பத்தாயிரமா என்பது சந்தை நிலவரம் தெரிந்த இருவருக்கும் சொல்லாமலே விளங்கும். குறிப்புகள் சந்தைக்குச் சந்தை கொஞ்சம் மாறும்.

விலை பிடிக்கவில்லை என்றால் கையை உதறிவிட்டு நகர்ந்துவிடலாம். பிடித்திருந்தால் அச்சாரமாக ஒரு தொகை கைமாறும். பல ஊர்களில் விற்றவர் தன் பழைய கயிற்றை அவிழ்த்து எடுத்துக்கொள்வார். வாங்கியவர் புதுக் கயிறு போட்டு ஓட்டிப் போவார். சந்தை ஓரத்தில் கயிறு, மூக்கணாங்கயிறு, சலங்கை விற்கும் கடைகள் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஏன் இந்த ரகசியம்?

இதற்கு நியாயமான காரணங்கள் இருக்கு.

முதலாவது, மானம். ஸ்கூல் ஃபீஸ் கட்ட, கல்யாணச் செலவுக்கு, ஆஸ்பத்திரி செலவுக்கு அவசரமாக மாட்டை விற்பவர் குறைந்த விலைக்கு ஒத்துக்கொண்டாலும், அது ஊருக்குத் தெரியாது.

இரண்டாவது, அடுத்த மாட்டின் விலை. பக்கத்து மாடு இவ்வளவுக்குப் போச்சு என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டால், அதைவிட நல்ல மாடு வைத்திருப்பவருக்கும் அதே விலைதான் கேட்பார்கள்.

ஆனால் சிக்கலும் உண்டு. நடுவில் தரகர் இருந்து, விற்பவரிடம் ஒரு விலையும் வாங்குபவரிடம் இன்னொரு விலையும் பேசினால், இடையில் உள்ள வித்தியாசம் எங்கே போனது என்று இருவருக்குமே தெரியாது. தரகுக் கூலி எவ்வளவு என்பதை முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள் என்று அனுபவசாலிகள் சொல்வது இதனால்தான்.

வாங்குவது மாட்டையா, பாலையா?

கறவை மாடு வாங்குபவர் உண்மையில் காசு கொடுப்பது அடுத்த பத்து மாதப் பாலுக்கு.

ஒரு பசு கன்று ஈன்றதில் இருந்து சுமார் 305 நாள் கறக்கும் என்பது பொதுவான கணக்கு. ஈன்று 6 முதல் 8 வாரத்தில் பால் உச்சத்துக்குப் போகும். பிறகு மெல்ல மெல்லக் குறையும். அடுத்த கன்றுக்கு முன்பு 60 நாளாவது பால் வற்ற விட வேண்டும். சினைக்காலம் சுமார் 280 நாள். பொதுவாக மூன்றாம் ஈத்தில் இருந்து ஐந்தாம் ஈத்து வரை பால் அதிகம் இருக்கும்.

ஆக, ஒரே மாடு எந்த மாதத்தில் சந்தைக்கு வருகிறது என்பதைப் பொறுத்து விலை தலைகீழாக மாறும். ஈன்று ஒரு மாதம் ஆன மாட்டுக்கும், எட்டு மாதம் ஆகி இன்னும் சினை பிடிக்காத மாட்டுக்கும் மதிப்பு ஒன்றல்ல. இந்தக் கணக்கு விற்பவருக்குத் தெரியும். வாங்குபவருக்கு அவர் வாய்ச்சொல்தான் ஆதாரம்.

ஒரு தப்புக் கணக்கு என்ன செய்யும்?

கொங்கு கிராமத்தில் ரெண்டு கறவை வைத்திருக்கும் ஒரு வீட்டின் நாள் எப்படி இருக்கும்? விடியும் முன்பே கட்டுத்தறியில் லைட் எரியும். சாணி அள்ளி, மடி கழுவி, பால் கறந்து, கேனைத் தூக்கிக்கொண்டு சொசைட்டிக்குப் போக வேண்டும். திரும்பி வந்தால் தீவனம், சோளத்தட்டு, தண்ணி. அப்புறம் பகல் முழுக்கக் காட்டு வேலை. சாயங்காலம் மறுபடியும் கறவை, மறுபடியும் சொசைட்டி. பண்டிகை, விசேஷம், காய்ச்சல் எதுவானாலும் இதற்கு லீவு கிடையாது. இந்த வேலையில் பெரும்பகுதியைப் பார்ப்பது வீட்டுப் பெண்கள்தான்.

விவசாய வருமானம் அறுவடைக்கு அறுவடைதான் வரும். பால் காசு அப்படி இல்லை, குறிப்பிட்ட நாளுக்கு ஒருமுறை கைக்கு வந்துவிடும். மளிகை, கேஸ் சிலிண்டர், தவணை எல்லாம் அதில்தான் ஓடும்.

ஆவின் பசும்பால் கொள்முதல் விலை 2022 நவம்பரில் லிட்டருக்கு 32 ரூபாயில் இருந்து 35 ரூபாயாக உயர்த்தப்பட்டது. 2023 டிசம்பர் 18 முதல் லிட்டருக்கு 3 ரூபாய் ஊக்கத்தொகை அறிவிக்கப்பட்டது. இரண்டையும் சேர்த்தால் 38 ரூபாய். இதிலும் கொழுப்புச் சத்து, இதர திடச் சத்து அளவைப் பொறுத்துத்தான் கைக்கு வரும் காசு.

இப்போது ஒரு உதாரணம். 15 லிட்டர் கறக்கும் என்று சொல்லி விற்ற மாடு, வீட்டுக்கு வந்து 9 லிட்டர்தான் கறக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தினமும் 6 லிட்டர் குறைவு. 38 ரூபாய்க் கணக்கில் நாளுக்கு 228 ரூபாய், மாதத்துக்கு 6,840 ரூபாய், மூணு மாதத்தில் 20,520 ரூபாய். மாடு வாங்கிய கடனுக்கு வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். தீவனச் செலவும் பாலுக்கு ஏற்ற மாதிரி பாதியாகக் குறையாது.

சந்தையில் என்னென்ன ஜாலம் நடக்கும்?

எல்லா வியாபாரியும் ஏமாற்றுவதில்லை. வாரா வாரம் அதே சந்தைக்கு வரும் தரகருக்குப் பேரு கெட்டுப்போனால் பிழைப்பு போய்விடும். ஆனாலும் தெரிந்துகொள்ள வேண்டிய சில விஷயங்கள் இருக்கு.

மடி கட்டுதல்: முந்தின வேளை கறக்காமல் விட்டால் மடி புடைத்து, பெரிய கறவை மாதிரி தெரியும். அந்த மாட்டை அங்கேயே கறந்து பார்த்தாலும் ரெண்டு வேளைப் பால் ஒன்றாக வரும்.

ஊசி: ஆக்ஸிடோசின் ஊசி போட்டால் மடியில் இருக்கும் பால் உடனே இறங்கும். கறவையைக் கூட்டுவதற்காக மாட்டின் உடல்நலத்தைக் கெடுக்கும் ஊசி போடுவது, 1960-ம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டம் 12-வது பிரிவின்படி குற்றம்.

வேறு கன்று: ஈன்று ரொம்ப நாள் ஆன மாட்டுக்குப் பக்கத்தில் இளங்கன்றைக் கட்டி, இப்போதுதான் ஈன்றது போலக் காட்டுவது. மாடு அந்தக் கன்றை நக்குகிறதா, ஊட்ட விடுகிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

வயசு: கொம்பில் இருக்கும் வளையங்களைச் சீவி வயசைக் குறைத்துக் காட்டுவது உண்டு. அதனால்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கிறார்கள். மாட்டுக்கு மேல்தாடையில் முன்பல் கிடையாது, கீழே மட்டும்தான். சுமார் 2 வயதில் ரெண்டு நிலைப்பல் முளைக்கும். அடுத்து நாலு, ஆறு என ஏறி, சுமார் 4 முதல் 5 வயதுக்குள் எட்டுப் பல்லும் வந்துவிடும். அதற்கப்புறம் பல் தேய்மானத்தை வைத்துத்தான் வயசு சொல்ல முடியும்.

இன்னொரு குழப்பமும் இருக்கு. இடம் மாறின மாடு, பயணக் களைப்பிலும் புதுத் தீவனத்திலும் சில நாள் உண்மையாகவே பால் குறைத்துக் கறக்கும். அதனால் வாங்கியவர் போன் போட்டுக் கேட்டால், "தண்ணி மாறிப்போச்சு, பத்து நாள்ல சரியாயிடும்" என்பதே பதில். அது உண்மையா, சாக்கா? பத்து நாள் கழித்துத்தான் தெரியும். அதற்குள் பணம் செலவாகி இருக்கும்.

சந்தையையே படுக்க வைக்கும் விஷயங்கள்

மாட்டுச் சந்தையில் பெரும்பாலும் ரொக்கம்தான். தேர்தல் நடத்தை விதிகள் அமலுக்கு வந்ததும், உரிய ஆவணம் இல்லாமல் 50,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் கொண்டுபோனால் பறக்கும் படை பறிமுதல் செய்யும். ஒரு நல்ல கறவையின் விலையே அதைத் தாண்டிவிடுவதால், தேர்தல் நேரத்தில் வெளிமாநில வியாபாரிகள் வரத்து குறைந்து சந்தை டல் அடிக்கும். கோமாரி, தோல் கழலை மாதிரி நோய்கள் பரவினால் சந்தையையே மூடிவிடுவார்கள். அந்த வாரம் மாட்டை விற்று ஃபீஸ் கட்ட நினைத்தவரின் கதி என்ன என்பது அவருக்குத்தான் தெரியும்.

2017 மே மாதம் மத்திய அரசு கொண்டுவந்த கால்நடைச் சந்தை விதிகளும் இப்படித்தான் பரபரப்பைக் கிளப்பின. இறைச்சிக்காகச் சந்தையில் மாடு விற்க அந்த விதிகள் தடை போட்டன. சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை மே 30-ம் தேதி இடைக்காலத் தடை விதித்தது. ஜூலை 11-ம் தேதி உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நாடு முழுவதுக்கும் விரிவுபடுத்தியது. கறவை மாடு வளர்ப்பவர்களுக்கு இதில் என்ன கவலை? பால் வற்றிய மாட்டை விற்ற காசில்தான் அடுத்த கிடேரிக்குப் பாதிப் பணம் போடுவார்கள். பழையது போகவில்லை என்றால் புதியது வாங்க முடியாது.

அப்போ என்னதான் செய்யலாம்?

1. முடிந்தால் சந்தையில் வாங்காமல், மாடு இருக்கும் கட்டுத்தறிக்கே போங்க. தொடர்ந்து மூணு வேளை கறந்து பாருங்க. முதல் வேளையைக் கணக்கில் சேர்க்காதீங்க. மடி கட்டியிருந்தால் அதில்தான் பால் கூடுதலாக வரும்.

2. நாலு காம்பிலும் தனித்தனியாகக் கறந்து பாருங்க. பாலில் கட்டி, ரத்தம், தண்ணி மாதிரி நிறம் இருந்தால் மடிநோய் இருக்கலாம்.

3. சினை மாடு என்றால் வாய்ச்சொல் போதாது. கால்நடை மருத்துவரிடம் காட்டி உறுதி செய்யுங்க. மூணு மாதச் சினையை அவர் கையால் சோதித்தே சொல்லிவிடுவார்.

4. காதில் இருக்கும் 12 இலக்க எண் கொண்ட அட்டையைப் பாருங்க. அந்த எண்ணில்தான் தடுப்பூசி விவரம் பதிவாகும், இன்சூரன்ஸுக்கும் அது தேவைப்படும். எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்க. அவசர சிகிச்சைக்கு 1962 என்ற இலவச எண்ணுக்கு அழைக்கலாம்.

5. சொசைட்டிக்குப் பால் ஊற்றுபவரின் மாடு என்றால் பால் அட்டையைக் கேளுங்க.

இந்த ஐந்தாவது விஷயம்தான் பலருக்கும் தோணாத ஒன்று. கூட்டுறவுச் சங்கத்துக்குப் பால் ஊற்றும் ஒவ்வொரு வீட்டுக்கும் காலை எத்தனை லிட்டர், மாலை எத்தனை லிட்டர், தரம் என்ன என்ற கணக்கு இருக்கு. ஒரே ஒரு கறவை வைத்திருக்கும் வீட்டில் அந்த அட்டைதான் அந்த மாட்டின் ஜாதகம். என்றைக்கு ஈன்றது, எப்போது உச்சத்துக்குப் போனது, இப்போது எவ்வளவு இறங்கியிருக்கு என்பது எல்லாம் அதில் தேதியோடு தெரிந்துவிடும். வீட்டுத் தேவைக்கு எடுத்த பாலை மட்டும் கூட்டிக்கொள்ள வேண்டும். ரெண்டு மூணு மாடு இருந்தால் கணக்கைப் பிரிக்க முடியாதுதான். ஆனாலும் "வீட்டுக்கு மொத்தமே 12 லிட்டர்தான் ஊத்தியிருக்கீங்க, இந்த ஒரு மாடே 15 லிட்டர் கறக்கும்னு சொல்றீங்களே?" என்றாவது கேட்கலாம்.

இது வாங்குபவருக்கு மட்டும் உதவும் விஷயம் இல்லை. நல்ல கறவையை நேர்மையாக வளர்த்தவருக்கும், கறக்காமல் விட்டு மடி புடைக்க வைத்தவருக்கும் சந்தையில் ஒரே மாதிரி சந்தேகத்தோடுதான் விலை கேட்கிறார்கள். ஆறு மாத அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு வருபவர், துண்டுக்குள் இன்னும் ஒரு விரல் சேர்த்துக் கேட்கலாம். விலை துண்டுக்குள்ளேயே இருந்துவிட்டுப் போகட்டும், பால் கணக்கு மட்டும் வெளியே வந்தால் போதும்.