ஒரே கூரையின் கீழ் இரு கணனிகள்: ஒன்றையொன்று ஏற்க மறுப்பது ஏன்?

விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான பொதுவான ஆதரவை மைக்றோசொவ்ற் நிறுவனம் 2025 ஒக்டோபர் 14ஆம் நாளோடு நிறுத்திக்கொண்டது. அதையொட்டி நம்மவர் வீடுகள் பலவற்றில் புதிய கணனி ஒன்று வந்து அமர்ந்துள்ளது. பழையது மூலைக்குத் தள்ளப்பட்டுள்ளது. ஆனால் குடும்பத்தின் ஆவணங்கள் யாவும் பழையதிலேயே கிடக்கின்றன. ஆண்டுக்கணக்காகச் சிறுகச் சிறுக ஸ்கான் செய்து சேர்த்த பிறப்பத்தாட்சிப் பத்திரங்கள், காணி உறுதிகள், கிராம சேவகரின் கடிதங்கள், அகதி விண்ணப்பத்துக்காக எழுதிய வாக்குமூலங்கள், எரிந்தவையும் தொலைந்தவையும் போக எஞ்சிய நிழற்படங்கள். மூலப் பத்திரம் எங்கே என்று எவராலும் சொல்லவியலாத குடும்பங்களுக்கு, அந்தப் பழைய வட்டிலுள்ள பிரதியே மூலமாகிவிட்டது.

அவற்றைப் புதிய கணனிக்கு மாற்றுவதற்குப் பலரும் முதலில் நாடுவது, இரண்டையும் வீட்டு வலையமைப்பில் இணைத்துக் கோப்புறையைப் பகிர்வதையே. சொல்லக் கேட்டால் எளிது. செய்து பார்த்தால் ஒன்றில் மற்றது தெரிவதில்லை. தெரிந்தால் உள்ளே விடுவதில்லை. உள்ளே விட்டால் கோப்பைத் திறக்க விடுவதில்லை. கணனி பழுது என்ற முடிவுக்கு வந்து கடைக்குத் தூக்கிச் செல்வோரும் உளர். பெரும்பாலான வேளைகளில் இரண்டு கணனிகளிலும் பழுதேதும் இல்லை என்பதையும், மறுப்பு அறிந்தே வைக்கப்பட்டது என்பதையும் முதலில் மனங்கொள்ள வேண்டும். மேலே சொன்ன மூன்று மறுப்புகளும் மூன்று வெவ்வேறு கதவுகள். எந்தக் கதவில் நிற்கிறோம் என்று தெரியாமல் எல்லாவற்றையும் மாற்றிப் பார்ப்பதனாலேயே சிக்கல் வலுக்கிறது.

முதற்கதவு, காணுதல். 'நெற்வேர்க்' என்ற பகுதியைத் திறந்தால் அது வெறுமையாயிருக்கும். அந்த வெறுமையைக் கண்டு மனம் தளர வேண்டியதில்லை. அந்தப் பட்டியல் நம்பத்தக்கதன்று. பழைய விண்டோஸ் பதிப்புகளில் அயற்கணனிகளின் பெயர்ப் பட்டியலைத் திரட்டிய முறை வேறு. அம்முறை நீக்கப்பட்டு இன்று வேறொரு சேவை அவ்வேலையைச் செய்கிறது. அச்சேவை உறங்கிக் கிடந்தாற் பட்டியலும் வெறுமையாகும், ஆனால் மற்றக் கணனி அங்கேதான் இருக்கும். ஆகவே பட்டியலை விட்டுவிட்டு நேரே கேட்பதே நல்லது. பழைய கணனியின் வலையமைப்பு விபரங்களில் 'ஐபிவி4' முகவரி என்று ஓர் எண் இருக்கும், 192.168.1.23 என்பது போன்றது. புதிய கணனியின் கோப்புச் சாளரத்தில், மேலே உள்ள முகவரிப் பட்டியில், இரண்டு பின்சாய்கோடுகளை இட்டு அவ்வெண்ணை எழுதி அழுத்துங்கள். பெயரும் கடவுச்சொல்லும் கேட்டால் முதற்கதவு திறந்துவிட்டது.

கேட்கவில்லையா? இரு கணனிகளின் முகவரிகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். சாதாரண வீட்டு றவுட்டர்களில் முதல் மூன்று எண்களும் ஒன்றாயிருக்க வேண்டும். ஒன்று 192.168.0 என்றும் மற்றது 192.168.1 என்றும் தொடங்கினால், வீட்டில் இரண்டு றவுட்டர்கள் இயங்குகின்றன என்பதே பெரும்பாலும் பொருள்: தொலைபேசி நிறுவனம் தந்தது ஒன்று, நாம் வாங்கி அதன்மேற் பொருத்தியது மற்றொன்று. கணனிகள் இரண்டையும் ஒரே றவுட்டருக்குக் கொண்டுவந்தாற் போதும். எண்கள் ஒத்திருந்தும் ஒன்றுக்கொன்று எட்டவில்லையாயின், விருந்தினருக்கான வைஃபையில் ஒன்று இணைந்துள்ளதா என்று பாருங்கள். அவ்வலையமைப்பு இணையத்துக்கு வழிவிடும். அருகிலுள்ள கணனியை அணுக விடாது. அகதிகள் தங்குமிடங்களிலும் மாணவர் விடுதிகளிலும் உள்ள பொது வைஃபை பெரும்பாலும் இவ்வாறே அமைக்கப்பட்டிருக்கும், அங்கு எந்த மாற்றமும் நம் கையில் இல்லை. அத்தகைய இடங்களில் எவரோ கைவிட்ட பழைய றவுட்டர் ஒன்று கிடைத்தால் அதுவே போதும். இணைய இணைப்பு வேண்டியதில்லை. இரு கணனிகளையும் அதனோடு இணைத்தால் அது உங்களுக்கு மட்டுமான வலையமைப்பு.

அடுத்துப் பார்க்க வேண்டியது, கணனி தான் நிற்கும் வலையமைப்பை எவ்வாறு கருதுகிறது என்பதை. விண்டோஸ் ஒவ்வொரு வலையமைப்பையும் 'பப்ளிக்' அல்லது 'பிறைவேற்' என வகுத்துக்கொள்கிறது. விண்டோஸ் 11 புதிதாக இணையும் வலையமைப்பைப் பொதுவிடமாகவே, அதாவது புகையிரத நிலையத்துக்கு ஒப்பானதாகவே, கொள்கிறது, எவருக்கும் முகங்காட்டாது. வீட்டு வலையமைப்பில் நிற்கையில் அதைத் தனிப்பட்டது என மாற்றவேண்டும், இரு கணனிகளிலும். கணனி ஜேர்மன் மொழியில் இயங்குபவர்கள் 'பிறிவாற்' என்பதையும், பிரெஞ்சு மொழியில் இயங்குபவர்கள் 'பிறிவே' என்பதையும் தேடுக. வி.பி.என். மென்பொருள் எதையாவது இயக்கியிருந்தால் அதையும் சற்றே நிறுத்திப் பாருங்கள். வீட்டு வலையமைப்பை மறைத்துவிடும் வழக்கம் அவற்றுட் சிலவற்றுக்கு உண்டு.

இரண்டாங் கதவுதான் பலரை அலைக்கழிப்பது. பெயரும் கடவுச்சொல்லும் கேட்கிறது. எதைக் கொடுத்தாலும் ஏற்பதில்லை.

அது கேட்பது பழைய கணனியில் உள்ள ஒரு பயனரின் பெயரையும் கடவுச்சொல்லையும். புதிய கணனியில் நீங்கள் யார் என்பது பழையதற்குத் தெரியாது; தெரிய வேண்டிய தேவையும் அதற்கில்லை. காலையில் கணனியைத் திறக்கும் நான்கு இலக்க 'பின்' எண்ணும் இங்கே செல்லாது. அது அந்தக் கணனியின் முன்னால் அமர்ந்திருப்பவருக்கு மட்டும் உரியது. வலையமைப்பின் வழியாக அது பயணிப்பதில்லை. வீட்டில் எல்லோரும் நம்மவர்தானே என்று கடவுச்சொல்லே இல்லாமல் வைத்திருப்பவர்களுக்கும் இதே கதி. கடவுச்சொல் அற்ற கணக்கின் மூலம் வலையமைப்பு வழியே உள்ளே வருவதை விண்டோஸ் எக்ஸ்பி காலம் முதலே மைக்றோசொவ்ற் தடுத்து வைத்துள்ளது. எக்ஸ்பி வெளிவந்தது 2001இல். ஆக, கால் நூற்றாண்டுக்கு முந்திய இவ்விதி இன்றும் வீடுதோறும் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டுக்கொண்டிருக்கிறது.

இந்த இடத்தில் எவராவது ஒரு குறுக்குவழி சொல்லுவார்: பகிர்வுக்குக் கடவுச்சொல் வேண்டாம் என அமைத்துவிடு, விருந்தினராக உள்ளே போகலாம் என்று. முன்னாளில் அது பலித்தது. 2024இல் வந்த விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பில், 'புரோ' வகையில், விருந்தினர் வழி மூடப்பட்டுவிட்டது. மீறி முயன்றால், உங்கள் நிறுவனத்தின் பாதுகாப்புக் கொள்கை இதை அனுமதிக்கவில்லை என்ற பொருள்பட ஓர் அறிவிப்பு வரும். வீட்டிலிருப்பவரோ இருவர், நிறுவனம் எதுவும் இல்லை. அதிகாரியின் பெயரில்லாத மறுப்புக் கடிதங்களை வாசித்துப் பழகிய நமக்கு அந்த நடை புதிதன்று. ஆயினும் இங்கே உண்மையான காரணம் ஒன்று உண்டு. அப்பதிப்பில், இரு கணனிகளுக்கிடையே செல்லும் ஒவ்வொரு தகவற்பொதியும் முத்திரையிடப்பட்டிருக்க வேண்டும். இடையில் எவரும் மாற்றவில்லை என்பதற்கு அதுவே அத்தாட்சி. அம்முத்திரைக்கான திறவுகோல் உள்நுழைபவரின் கடவுச்சொல்லை அடியாகக் கொண்டே பிறக்கிறது. விருந்தினருக்குக் கடவுச்சொல் இல்லை; ஆகவே முத்திரையும் இல்லை.

நேர்வழி இதுவே. பழைய கணனியில், இந்த வேலைக்கென்றே தனியொரு பயனர் கணக்கை உண்டாக்குங்கள். பெயர் சுருக்கமாக, ஆங்கில எழுத்துக்களில், இடைவெளியின்றி இருக்கட்டும். நீளமான கடவுச்சொல் ஒன்றை வையுங்கள். பின்னர் மாற்ற வேண்டிய கோப்புறையின் மேல் வலப்பக்கச் சொடுக்கினால் திறக்கும் பண்புகளில் 'ஷெயறிங்' என்ற பகுதிக்குச் சென்று, அந்தப் பயனருக்கு மட்டும், வாசிக்கும் உரிமையை மட்டும் கொடுங்கள். புதிய கணனி பெயரைக் கேட்கும்போது பழைய கணனியின் பெயர், ஒரு பின்சாய்கோடு, அதன்பின் அந்தப் பயனரின் பெயர் என எழுதுங்கள். சரியாக எழுதியும் மறுத்தால், முன்பு கொடுத்த பிழையான கடவுச்சொல்லைப் புதிய கணனி நினைவில் வைத்திருக்கலாம். 'கிறெடென்ஷல் மனேஜர்' என்ற இடத்தில் அதை நீக்கிவிட்டுக் கணனியை ஒருமுறை மீள இயக்குங்கள். ஒரே கணனிக்குள் ஒரே வேளையில் இரு பெயர்களில் நுழைய விண்டோஸ் விடாது. மீள இயக்குவது அதற்காகவே.

மூன்றாங் கதவு சிறியது. கோப்புறை தெரியும், திறக்காது. பகிர்வின் உரிமை ஒன்று, வட்டிலுள்ள கோப்பின் உரிமை வேறொன்று. இரண்டுள் எது குறுகியதோ அதுவே செல்லும். மேற்சொன்ன எளிய வழியிற் பகிர்ந்தால் இரண்டும் ஒருங்கே சீராகும். 'எட்வான்ஸ்ட்' என்ற வழியிற் சென்றவர்களே இங்கு மாட்டிக்கொள்வர்.

பயனர் பட்டியலில் 'எவ்றிவண்' என்ற பெயரொன்றும் காணப்படும். ஜேர்மன் கணனியில் 'யேடர்', பிரெஞ்சில் 'தூ லெ மோந்து'. எல்லோரும் என்பது பொருள். அதைத் தெரிவு செய்யாதீர்கள். நான்கு குடும்பங்கள் ஒரே வைஃபையைப் பகிரும் வீடுகள் நம்மிடையே குறைவல்ல. வாக்குமூலம் ஒன்றில் எழுதியவரின் பெயர் மட்டும் இருப்பதில்லை. ஊரில் இன்றும் வாழ்கின்ற தமையனின் பெயர், அடைக்கலம் கொடுத்தவரின் பெயர், சாட்சி சொல்ல முன்வந்தவரின் முகவரி ஆகியனவும் அதிலே உண்டு. அவர்கள் எவரும் நம் வீட்டு வலையமைப்பில் தம் பெயர் திறந்து கிடக்கச் சம்மதித்தவர்கள் அல்லர். கடைக்காரரிடம் கணனியை ஒப்படைக்குமுன்னும் இதை எண்ணிப் பார்ப்பது தகும்.

இனி, மிகப் பழைய கணனி வைத்திருப்போர்க்கு. விண்டோஸ் எக்ஸ்பியும் அதற்கு முந்தியவையும் பேசுவது எஸ்.எம்.பி. எனும் பகிர்வு நெறிமுறையின் முதற்பதிப்பை மட்டுமே. இந்நெறிமுறை 1980களின் தொடக்கத்தில் ஐ.பி.எம். நிறுவனத்தில் பிறந்தது, ஒருவரையொருவர் அறிந்த சிறு அலுவலகத்துக்கென வகுக்கப்பட்டது. 2016 செப்டெம்பரிலேயே அம்முதற்பதிப்பைக் கைவிடுமாறு மைக்றோசொவ்ற் பொறியியலாளர்கள் பகிரங்கமாக வேண்டினர். 2017 மார்ச்சில் அதிலிருந்த பெருந்துளை ஒன்றுக்குத் திருத்தமும் வந்தது. திருத்தத்தைப் பொருத்தாத கணனிகள் ஏராளம். அவ்வாண்டு மே 12ஆம் நாள் 'வன்னாகிறை' என்ற நச்சுநிரல் அத்துளை வழியே கணனி விட்டுக் கணனி தாவி, ஒரே நாளிற் பல நாடுகளுக்குப் பரவியது. பிரித்தானியாவில் மருத்துவமனைகள் நோயாளரைத் திருப்பியனுப்ப நேர்ந்தது. அதே ஆண்டின் இலையுதிர்காலப் பதிப்பிலிருந்து, புதிதாக நிறுவப்படும் விண்டோஸ் 10இல் எஸ்.எம்.பி. முதற்பதிப்பு சேர்க்கப்படுவதில்லை. வீட்டுக் கணனிகளை எளிதாக இணைக்கவென விண்டோஸ் 7உடன் 2009இல் வந்த 'ஹோம்குறூப்' வசதியும் 2018இல் எடுக்கப்பட்டது. பழைய வழிகாட்டி நூல்களை வைத்துக்கொண்டு அதைத் தேடுவோர் வீணே களைத்துப்போவர்.

அந்த முதற்பதிப்பை மீண்டும் இயக்கினால் எல்லாம் சரியாகும் என்பார்கள். இணைப்பு கிடைக்கும் என்பது உண்மைதான். அதற்காகப் புதிய கணனியின் கதவையே கழற்றிவிடுவது அறிவுடைமை ஆகாது. எக்ஸ்பி கணனியிலிருந்து கோப்புகளை எடுக்க யூ.எஸ்.பி. நினைவுக்குச்சி ஒன்றே போதும். ஒரு குறிப்பு: எஃப்.ஏ.ரி.32 என்ற அமைப்பில் உள்ள குச்சியில் 4 ஜிகாபைற்றுக்கு மேற்பட்ட தனிக்கோப்பு எதுவும் ஏறாது. கலியாண வீடியோ மட்டும் ஏற மறுத்தால் காரணம் இதுவே.

கோப்புகள் வந்து சேர்ந்தபின் நம் மொழியினர்க்கே உரிய தனித் துன்பம் ஒன்று எஞ்சியிருக்கிறது. முப்பது ஆண்டுகளுக்கு முன் எழுதிய கடிதத்தைத் திறந்தால், தமிழுக்குப் பதிலாக ஆங்கில எழுத்துக்களும் அரைப்புள்ளிகளும் குவிந்து கிடக்கும். கோப்பு பழுதாகிவிட்டது என எண்ணி அழித்துவிடாதீர்கள். 1990களில் ஈழத்திலும் புலம்பெயர் நாடுகளிலும் பரவலாக வழங்கிய பாமினி முதலிய எழுத்துருக்கள், ஆங்கில எழுத்துக்களின் இடத்தில் தமிழ் வடிவங்களை அமர்த்தியவை. பாமினியில் மெய்யெழுத்தின் புள்ளிக்கு அமைந்த விசை அரைப்புள்ளி. கோப்பை மட்டும் எடுத்து வந்தோம், எழுத்துருவைப் பழைய கணனியில் விட்டு வந்தோம், அவ்வளவே. விண்டோஸ் கோப்புறையினுள் 'ஃபொன்ற்ஸ்' என்ற இடத்திலிருந்து அதையும் எடுத்துப் புதிய கணனியில் நிறுவினால் அம்மாவின் கடிதம் தமிழில் எழும். காலப்போக்கில் அவற்றை ஒருங்குறிக்கு மாற்றிக்கொள்வது நன்று. பாமினியை ஒருங்குறியாக்கும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன.

எல்லாம் ஏறி முடிந்ததும், இரு பக்கத்துக் கோப்புறைகளின் பண்புகளையும் திறந்து கோப்புகளின் எண்ணிக்கையையும் பைற் அளவையும் ஒப்பிடுங்கள். அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிலவற்றைத் திறந்தும் பாருங்கள். பின்னர் பகிர்வை நிறுத்தி, அதற்கென உண்டாக்கிய பயனர் கணக்கையும் நீக்குங்கள். இன்னொரு பிரதியை வெளிவட்டு ஒன்றில் வைத்த பின்னரே பழைய கணனியை என்ன செய்வது என்று யோசிக்கலாம். யாருக்காவது கொடுப்பதாயின், குப்பைக்கூடையை வெறுமையாக்குவதால் மட்டும் கோப்புகள் அழிந்துவிடுவதில்லை, மீட்டெடுப்பது கடினமன்று. விண்டோஸ் 10இல் மீளமைக்கும் பகுதியில் எல்லாவற்றையும் நீக்கு என்பதைத் தெரிந்து, வட்டையும் துப்புரவாக்கும்படி கேட்க வேண்டும். அதற்குச் சில மணி நேரம் பிடிக்கும். அவ்வளவு பொறுமை இல்லாதவர்கள் வட்டைக் கழற்றித் தம்மிடம் வைத்துக்கொண்டு கணனியை மட்டும் கொடுக்கலாம்.