மலையேறும் டர்போ வண்டிக்கு எந்த பிஸ்டன்?

டர்போ இன்ஜினை ரீபோர் செய்யும்போது பிஸ்டன் தேர்வு மூன்று கேள்விகளில் அடங்கும்: எந்த வகை, எந்த அளவு, யாருடைய தயாரிப்பு. சித்தூர், திருப்பதி வட்டாரத்தில் இவற்றுக்குக் கூடுதல் கனம் உண்டு. அலிபிரியிலிருந்து திருமலைக்கு 20 கிலோமீட்டருக்கும் குறைவான தூரத்தில் வண்டி ஏறத்தாழ 700 மீட்டர் உயரம் ஏறுகிறது. ஆள் நிறைந்த பொலேரோவோ சுமோவோ கீழ் கியரில் பூஸ்ட் ஏற்றி நெடுநேரம் இழுக்க வேண்டும். வேகம் குறைவதால் ரேடியேட்டருக்குக் கிடைக்கும் காற்றும் குறைவு. சமவெளியில் மறைந்திருந்த குறை இங்கே வெளிப்பட்டுவிடும்.

டர்போ டீசல் பிஸ்டனின் மேல் ரிங் பள்ளத்தில் பெரும்பாலும் நிக்கல் கலந்த வார்ப்பிரும்பு வளையம் பதித்திருப்பார்கள். பல மாடல்களில் உள்ளே எண்ணெய் ஓடிக் குளிர்விக்க வழியும் இருக்கும். அதே குடும்பத்தைச் சேர்ந்த டர்போ இல்லாத இன்ஜினின் பிஸ்டன் விட்டத்தில் பொருந்தலாம், விலையும் குறையலாம். ஆனால் இந்தப் பாதுகாப்புகள் அதில் இல்லாமல் போகலாம். எரிகுழியின் வடிவமும் வேறாக இருக்கலாம். அதை மாட்டினால் ரிங் பள்ளம் தேய்ந்து எண்ணெய் எரியும், புகை கக்கும், முடிவில் பிஸ்டன் விரிசல் விடும் அல்லது சிலிண்டரோடு பிடித்துக்கொள்ளும். மலிவு பிஸ்டன்களில் மிக ஆபத்தானது இந்த 'பொருந்திவிடும்' பிஸ்டன்தான்.

பெட்ரோல் டர்போவில் எதிரி நாக்கிங், அதாவது எரிபொருள் கலவை தானாகப் பற்றி வெடிப்பது. அது சாதாரண வார்ப்பு பிஸ்டனின் ரிங் மேடுகளை உடைக்கும். பூஸ்ட்டைச் சற்றே கூட்டியவர்களுக்கு சிலிக்கான் ஏறத்தாழ 12 சதவீதம் உள்ள 4032 உலோகக் கலவையில் செய்த ஃபோர்ஜ்டு பிஸ்டன் ஏற்றது. 2618 கலவை இன்னும் அடி தாங்கும். ஆனால் அதிகம் விரிவதால் சிலிண்டரோடு கூடுதல் இடைவெளி கேட்கும், குளிர்ந்த நிலையில் தட்டும். பூஸ்ட்டை மாற்றாத வண்டிக்குக் கம்பெனி தரத்துப் பிஸ்டனே போதும். அளவைப் பொறுத்தவரை, பிஸ்டன் கைக்கு வந்து அதை அளந்த பிறகே சிலிண்டரைப் போர் அடிக்க வேண்டும்.

சென்னை ஜி.பி. ரோட்டு உதிரிபாகக் கடைகளிலிருந்து வாங்கி வருவோர் பெட்டியில் தயாரிப்பாளர் பெயரும் முகவரியும், மாதமும் ஆண்டும், அதிகபட்ச விலையும் அச்சாகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பாக்கெட் பொருள்களுக்கான 2011ஆம் ஆண்டு விதிகள் கேட்பவை இவை. பில்லில் பார்ட் நம்பரும் ஓவர்சைஸும், லேத் பட்டறை ரசீதில் வைத்த இடைவெளியும் எழுதப்பட வேண்டும். இந்த இரண்டு தாள்கள் இல்லாவிட்டால் பிஸ்டன் பிடித்துக்கொண்டதற்குக் கடைக்காரர் பட்டறையையும், பட்டறை கடைக்காரரையும் காட்டும்.

டர்போ இல்லாத வண்டியில் டர்போ ஏற்றுவது வேறு விஷயம். பதிவுச் சான்றில் உள்ள தயாரிப்பாளர் விவரங்களிலிருந்து விலகும் மாற்றத்தை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதை உறுதிப்படுத்தியது. மீறும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறையோ மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். இன்சூரன்ஸ் இழப்பீட்டிலும் சிக்கல் வரும்.

போலிப் பிஸ்டனாலோ தவறான வேலையாலோ இழந்தவர் முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். தீராவிட்டால் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட ஆணையத்தில் வழக்குத் தொடுக்கலாம். செலுத்திய தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. கடை சென்னையில் இருந்தாலும், புகார்தாரர் வசிக்கும் ஊருக்கு உரிய ஆணையத்திலேயே தொடுக்கலாம் என்பது எல்லை ஊர்க்காரர்களுக்குப் பெரிய உதவி. 'வணிக நோக்கம்' என்று எதிர்த்தரப்பு வாதிடலாம். ஆனால் பிழைப்புக்காகத் தன் டாக்சியைத் தானே ஓட்டுபவரைச் சட்டம் நுகர்வோராகவே ஏற்கிறது. பழுதான பிஸ்டனைப் பழைய இரும்புக்குப் போடாமல் வைத்திருக்க வேண்டும். ஆணையம் அதைப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பலாம். பிராண்டு பெயரையே போலியாக அச்சிட்டிருந்தால் காவல்துறையிலும் புகார் தரலாம். 1999ஆம் ஆண்டு வணிகச் சின்னங்கள் சட்டம் அத்தகைய விற்பனைக்கு மூன்று ஆண்டு வரை சிறை விதிக்கிறது.