நியூட்ரோபில் குறைவுக் காய்ச்சல்

நியூட்ரோபில் குறைவுக் காய்ச்சல் என்பது நியூட்ரோபில் எனும் வெள்ளணுக்கள் குறைந்தவர்களுக்கு வரும் காய்ச்சல் ஆகும். வேதிச்சிகிச்சை பெறும் இரத்தப் புற்றுநோயாளிகளிடம் இது மிகுதி. இவ்வணுக்கள் ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் 500-க்குக் கீழ் இறங்கினால் ஆபத்து கூடும். சீழ் உருவாவதே இவற்றால்தான். ஆகவே தொற்று முற்றியும் சீழோ வீக்கமோ தெரியாமல், காய்ச்சல் மட்டுமே அறிகுறியாக இருக்கலாம். வாயில் அளக்கும்போது வெப்பநிலை ஒருமுறை 38.3 பாகை செல்சியசைத் தொட்டாலோ, 38 பாகை ஒரு மணிநேரம் நீடித்தாலோ உடனே மருத்துவமனை செல்ல வேண்டும். அங்கு ஒரு மணிநேரத்துக்குள் சிரைவழி நுண்ணுயிர் எதிர்ப்பி தொடங்கப்பட வேண்டும். வீட்டிலேயே பாராசிட்டமால் கொடுத்துக் காத்திருப்பது காய்ச்சலை மறைத்துவிடும்.

கிருமிகள் பெரும்பாலும் நோயாளியின் குடலிலிருந்தும் தோலிலிருந்துமே நுழைகின்றன. எனவே முகக்கவசத்தைப் போலவே வாய்த் தூய்மையும் சிரைவடிகுழாய்ப் பராமரிப்பும் முக்கியம். மலவாயில் வெப்பமானி வைக்கக்கூடாது. சிறு கீறலும் கிருமிக்கு வழியாகும்.